இத்தாலி இளவரசி

“மத்தியானம் வர்றேன்னு சொன்ன மனுஷன், காலங்காத்தால வாசல்ல வந்து நிக்கிறாரே!”

ஜன்னல் திரையை விட்டுவிட்டு ஆர்மாண்ட் பெல்கி மனைவியைப் பார்த்தான். அடுப்பில் பேன்கேக்கைத் திருப்பிக்கொண்டிருந்த டெல்ஃபினின் கை அப்படியே நின்றது.

வந்திருப்பவர் தாடியஸ் க்ரோவெல். போர்ட்லண்டில் பெரிய ஹோட்டலுக்குத் தலைமைச் சமையல்காரர். டி.வி.யில் வருகிறவர். கேரட்டைக் காதருகே வைத்து ஒடித்து, அந்தச் சத்தத்துக்குக் கண்மூடி நிற்பார்; பார்ப்பவர்களும் கூடவே மூடிக்கொள்வார்கள். அவர் தலையாட்டினால் குளிர்காலம் முழுக்க டெல்ஃபினின் கீரை அந்த ஹோட்டலுக்குப் போகும். ஆட்டாவிட்டால், அமெரிக்காவின் வடகோடியில், மெய்ன் மாநிலப் பனியில் கீரை வளர்க்கும் அவளுடைய கிறுக்குக்கு இந்தப் பிப்ரவரியோடு மங்களம். கீரைக் கூடாரத்தைப் பிரித்துவிடுவது என்று ஆர்மாண்டோடு பேச்சு.

“கூடாரத்துல போய்ப் பாத்தியா?” என்றாள் மெதுவாக.

“பாத்தேன். ராத்திரி அடிச்ச குளிருக்கு எல்லாம் வெறைச்சுப்போய்க் குப்புறப் படுத்திருக்கு. எழவு வீடு மாதிரி இருக்கு.”

கணப்பு எதுவும் இல்லாத பிளாஸ்டிக் கூடாரம் அது. வெயில் ஏறினால் போதும், உறைந்த இலை இளகி, ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து நின்றுகொள்ளும். அதற்கு முன் கை வைத்தால் சாயங்காலத்துக்குள் குழைந்து கூழாகிவிடும். ஆனால் இதை டி.வி.க்காரரிடம் யார் சொல்வது? செத்த கீரையைக் காட்டிவிட்டுச் சாக்குச் சொல்கிறாள் என்றுதானே நினைப்பார்?

க்ரோவெல் ரோமத் தொப்பியோடு உள்ளே வந்தார்.

“சாயங்காலம் பனிப்புயலாம், மிஸஸ் பெல்கி. அதான் முந்திக்கிட்டேன். ஒரு பிடி கீரை அறுத்துக் குடுங்க, போதும். நாக்குல பட்டா ஜாதகமே சொல்லிடுவேன்.”

“அதுக்கென்ன, முதல்ல உக்காருங்க. உங்களைப் பட்டினியா அனுப்பினா ஊர்ல என்னை மதிப்பாங்களா?”

பேன்கேக் வந்தது. மேப்பிள் பாகு வந்தது. கூடவே, “பாரிஸ்ல உங்க சூப்பைக் குடிச்சிட்டு யாரோ அழுதாங்களாமே?” என்ற கேள்வியும் வந்தது.

அழுதவர் அவருடைய குருநாதராம். எந்தக் கண்ணிலிருந்து முதல் சொட்டு விழுந்தது என்பதுவரை க்ரோவெல் விளக்கினார். டெல்ஃபின் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். பிறகு நியூயார்க் கதை. அதில் அழுதவர் ஒரு மேயர்.

காபி ஊற்றும் சாக்கில் ஆர்மாண்ட் அவள் பக்கம் குனிந்தான். “இன்னும் எத்தனை பேர் அழணும்?”

“வெயில் இன்னும் கொட்டகைக் கூரையைத் தாண்டிக் கூடாரத்து மேல விழலை. வாயை மூடிக்கிட்டுச் சிரி.”

வாயை மூடிக்கொண்டு சிரிப்பது எப்படி என்று தெரியாமல் ஆர்மாண்ட் தலையை மட்டும் ஆட்டினான்.

ஜன்னலுக்கு வெளியே, டெல்ஃபின் தன் கையால் எழுதி நட்ட பலகை தெரிந்தது. ‘எங்கள் பண்ணையில் ஒளிவுமறைவு இல்லை. கதவு எப்போதும் திறந்திருக்கும்.’ அது கண்ணில் படாதபடி அவள் தன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

க்ரோவெல் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். “கதை போதும். ஒரு கத்தி குடுங்க. நானே போய் அறுத்துக்கிறேன்.”

“இதோ, நான் எடுத்துட்டு வர்றேன்” என்று ஆர்மாண்ட் மேசை இழுப்பறைப் பக்கம் போனான். அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

டெல்ஃபின் இருவருக்கும் முன்னால் கதவருகே போய் நின்றாள். ஆர்டர் போனால் போகட்டும். உறைந்த இலையில் கத்தி வைக்க விடமாட்டாள். வாயில் வந்ததைக் கேட்டாள்:

“அந்த இத்தாலி இளவரசி கதை! டி.வி.யில பாதியிலயே நிறுத்திட்டாங்களே. கடைசியில என்னதான் ஆச்சு?”

க்ரோவெல் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். “அதுவா... அது பெரிய கதையாச்சே!”

“எந்த இளவரசி?” என்று ஆர்மாண்ட் காதைக் கடித்தான்.

“எனக்கென்ன தெரியும்? இவ்ளோ பீத்திக்கிற ஆளுக்கு ஒரு இளவரசி இல்லாமலா போயிடுவா?”

இருந்தாள். கோட்டை இருந்தது, ஓடிப்போன குதிரை இருந்தது, எலுமிச்சைத் தோப்பில் ஒரு சண்டைகூட இருந்தது. இளவரசி அழத் தொடங்கியபோது கொட்டகைக் கூரையில் பனி உருகி முதல் சொட்டு விழுந்தது.

“வாங்க, கீரையைப் பார்க்கலாம்” என்று எழுந்துவிட்டாள் டெல்ஃபின். இளவரசியின் கதி என்ன என்று அவள் கேட்கவே இல்லை.

கூடாரத்துக்குள் மண் வாசனையோடு வெதுவெதுப்பு. குளிருக்குப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினால், கீரை வரிசை வரிசையாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல நிமிர்ந்து நின்றது. க்ரோவெல் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடவில்லை. “வசந்தம் வரைக்கும் எனக்கே அனுப்புங்க” என்றார்.

அவர் காரில் ஏறியதும் டெல்ஃபின் கணவனை முழங்கையால் இடித்தாள். புகழ்ச்சியில் மயங்காத ஆள் யார் என்று அந்த இடிக்கு அர்த்தம்.

கார்க் கண்ணாடி இறங்கியது.

“இந்த வாரம் மூணு பண்ணைக்கு இதே மாதிரி காலங்காத்தால போய் நின்னேன், மிஸஸ் பெல்கி. நான் கேட்டதும் பயந்துபோய் உறைஞ்ச கீரையை அறுத்துக் குடுத்துட்டாங்க. சாயங்காலம் பாத்தா எல்லாம் கூழு. நீங்க கதவை மறைச்சு நின்னப்பவே ஆர்டர் உங்களுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேன்” என்றவர், வண்டியைக் கிளப்பியபடியே சேர்த்துச் சொன்னார்: “நான் இத்தாலிப் பக்கமே போனதில்லை.”