மகளைத் துரத்தியவள்

"வெளியே போ! பஹ்ரைன்காரிக்கு இங்கே என்ன வேலை? எனக்கு மகளே இல்லை!"

கட்டிலில் கிடந்த நூரா அரபியில் கத்தியது நடைபாதை முழுக்கக் கேட்டது.

வாசலில் நின்ற மகள் லுல்வா சுவரில் சாய்ந்து அழுதாள். கூட வந்திருந்த அவள் கணவனின் தம்பி போனைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தான்.

ஜெர்மனியில் பான் நகர ஆஸ்பத்திரி அது. தாதி கமலநாயகிக்கு அரபி விளங்கும். ஜெர்மனிக்கு வருமுன் குவைத்தில் வேலை பார்த்தவள்.

நூரா கத்தார்க்காரி. மகள் வாழ்க்கைப்பட்டது பஹ்ரைனில். அந்த வருஷம் பஹ்ரைனும் அக்கம்பக்கத்து நாடுகளும் கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டன. போக்குவரத்தும் நின்றது. புற்றுநோய் முற்றித் தாயை ஜெர்மனிக்குக் கொண்டுவந்த பிறகுதான் மகளால் வந்து பார்க்க முடிந்தது.

வந்தவளைத்தான் இப்படித் துரத்துகிறாள்.

"என்ன மனிசி அக்கா இது? சாகப்போற நேரத்திலயும் அரசியலோ?" என்றாள் கூட வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஜெசிகா.

"அரசாங்கங்கள் தங்களுக்குள்ளை அடிபட்டால் பெத்த வயிறும் பகைக்குமோ? என்ரை அம்மா யாழ்ப்பாணத்திலை செத்தபோது, போய் முகம் பாக்க ஏலாமல் இஞ்சை கிடந்து அழுதனான். இவவுக்கு மகள் வாசலிலை வந்து நிக்கிறாள்!" என்றாள் கமலநாயகி.

உள்ளே போய்க் கெஞ்சிப் பார்த்தாள். நூரா மசியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் கணவனின் தம்பி, "போகலாம்" என்றான். தாயின் விரலைக்கூடத் தொடாமல் லுல்வா போனாள்.

ஊசி மருந்தோடு வந்த கமலநாயகிக்குப் பொறுக்கவில்லை. அரபியில் கேட்டே விட்டாள்.

"நீங்கள் எல்லாம் ஒரு தாயா?"

நூரா திரும்பினாள். தலையணை நனைந்திருந்தது.

"போய்விட்டாளா?"

"போய்விட்டாள்."

"கத்தார்க்காரர்மேல் பரிவு காட்டினாள் என்று யாராவது கோள் சொன்னால் போதும், பஹ்ரைனில் ஜெயில். அவளுடைய பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்."

மூச்சு வாங்கியது. கமலநாயகியின் கையை இறுகப் பிடித்தாள்.

"நான் துரத்தியதை அவள் கொழுந்தன் போனில் படம் எடுத்தான்தானே? முழுக்க எடுத்தானா?"

"எடுத்தான்."

"அப்போ சரி. அதைக் காட்டி என் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்துவிடுவாள்."