மறுவீட்டுச் சொதி

"ஏட்டி, மறுவீட்டுப் பந்தியில சிவப்பரிசிச் சோறா? இது கல்யாண வீடா, ஆஸ்பத்திரியா?"

சித்ரலேகா அடுப்படி வாசலில் நின்று கேட்டாள். கட்டியிருந்த பட்டுப்புடவை கசங்குவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"யம்மா, நீ பேசாம அங்கன உக்காரு. அவுகளுக்குச் சுகர் இருக்குன்னு தெரியும்லா?" என்றாள் மகள் விஜயஸ்ரீ.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் டயட்டீஷியன். ஊரில் பாதிப் பேருக்கு இட்லியை எண்ணிக் கொடுப்பவள் அவள்தான். இந்தக் காலத்தில் சுகர் வயசு பார்த்தா வருகிறது? மாப்பிள்ளையையும் விட்டுவைக்கவில்லை.

"அதுக்காகச் சொதியில உருளைக்கிழங்கே இல்லாமலா?"

"முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், பட்டாணி எல்லாம் கெடக்கு. பாசிப்பருப்பு கூட ஒரு கை போட்டிருக்கேன். பருப்பு கூடுனா, தேங்காய்ப்பால் கொஞ்சமா ஊத்துனாலும் சொதி கெட்டியா நிக்கும். தொட்டுக்க சிப்ஸுக்குப் பதிலா வாழைத்தண்டுப் பொரியல்."

"சிப்ஸும் கிடையாதா?"

"கிடையாது. ஓட்டல் புரோட்டா, சால்னா எல்லாம் அவுகளுக்கு நேத்தோட போச்சு. இனிமே தினமும் இந்தச் சாப்பாடுதான்."

சித்ரலேகா தலையில் கைவைத்துக்கொண்டாள். நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடுவது வழக்கம். கல்யாணத்தில் நடந்த குறைகளைக்கூட மறந்துவிடுவார்கள். சொதியில் குறை வைத்தால், பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள்.

அதுவும் இன்று வருவது யார்? மாப்பிள்ளையின் அக்கா கோமு. அப்பா இல்லாமல் இரண்டு பெண்கள் மட்டுமே இருக்கும் இந்த வீட்டுச் சம்பந்தமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள். நேற்றுக் குறுக்குத்துறைக் கோயிலில் நடந்த கல்யாணத்துக்கும் வரவில்லை. மாப்பிள்ளை சிவகணேஷ் காலையிலேயே அம்பாசமுத்திரத்துக்குக் காரில் போய், அக்காவை எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்துகொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வாரேன், கை நனைக்கதப் பத்தி அங்கன வந்து பாக்கேன்னு சொல்லியிருக்காகளாம்," என்றாள் சித்ரலேகா. "அவுக இங்கன ஒரு வாய் சாப்பிட்டாத்தான் இந்தக் கல்யாணத்த ஒத்துக்கிட்டதா அர்த்தம். சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டா, அக்காவுக்கும் தம்பிக்கும் அத்தோட முடிஞ்சுது. நம்மளால ஒரு குடும்பம் பிரியணுமா, சொல்லு?"

"அதெல்லாம் சாப்பிடுவாக."

"முறைப்படி பொண்ணைப் பெத்தவ கையால வைக்க வேண்டிய சொதி இது. மொதல்ல அதைத்தான் கேப்பாக."

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீ பைய மூச்சு விடு, போதும்."

மூன்றாம் பாலில் வெந்திருந்த காய்களோடு இரண்டாம் பாலையும், அரைத்த இஞ்சி பச்சைமிளகாயையும் சேர்த்தாள் விஜயஸ்ரீ. கடைசியாகத்தான் கெட்டியான முதல் பால். ஓரத்தில் நுரை கூடியதும் சட்டென்று அடுப்பை அணைத்தாள். முதல் பால் கொதித்துவிட்டால் சொதி அவ்வளவுதான்.

வாசலில் கார் வந்து நின்றது. சித்ரலேகாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதற்றத்தில் எலுமிச்சை மூடியை எடுத்து நேராகச் சட்டிக்கு மேலே கொண்டுபோனாள்.

"யம்மா! இந்தச் சூட்டுல பிழிஞ்சா திரிஞ்சிரும்!"

விஜயஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கோமு உள்ளே வந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். காபி வேண்டாம் என்றாள். தம்பி இலையில் உட்கார்ந்ததும் தானும் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். சிவப்பரிசிச் சோறு, வாழைத்தண்டுப் பொரியல், இஞ்சிப் பச்சடி, சோற்றுக்கு மேலே சொதி என்று விஜயஸ்ரீ ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். வாசம் கூடத்தையே நிறைத்தது. ஆனாலும் கோமுவின் கை மடியை விட்டு அசையவில்லை.

"யாருக்கு இந்தப் பத்தியச் சாப்பாடு?"

"சுகருக்கு ஏத்த மாதிரி வச்சிருக்கு," என்றாள் விஜயஸ்ரீ. "பச்சடியிலகூட வெல்லம் கொஞ்சமாத்தான் போட்டிருக்கு."

கோமு தம்பியைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை, சோற்றைத் தொடவும் இல்லை. அக்கா கை வைக்காமல் அவரும் வைக்கப்போவதில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"சுகர் கெடக்கட்டும். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? மறுவீட்டுச் சொதி பொண்ணைப் பெத்தவ வைக்கணும். இத யாரு வச்சது?"

அடுப்படி வாசலில் நின்ற சித்ரலேகா தலையைக் குனிந்துகொண்டாள். எது நடக்கக்கூடாது என்று பயந்தாளோ அதுவே நடந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டியது.

விஜயஸ்ரீ கரண்டியோடு கோமுவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் வச்சேன் அத்தை. பொண்ணைப் பெத்த எங்க ஆச்சி இப்ப உயிரோட இல்ல. அதான், எங்கம்மா கல்யாணத்துக்கு மறுவீட்டுச் சொதிய மக நான் வச்சேன்."

கோமு அவளையே பார்த்தாள், பிறகு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "புதுப்பொண்ணு எதுக்குட்டி அங்கன நின்னு அழுதுக்கிட்டு இருக்கா? என் தம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு இலையைப் போட்டு, உங்கம்மாவ வந்து உக்காரச் சொல்லு" என்றாள்.