வியாழக்கிழமை நர்ஸ்

கதவுத் துளையில் கண்ணை வைத்தபடி டீச்சர் வயிறெரிந்து நின்றிருந்தார்.

எதிர்வீட்டுக்குள் நர்ஸ் போய் எவ்வளவு நேரமாகிவிட்டது! இன்னும் வெளியே வரும் வழியைக் காணோம்.

பிள்ளைகள் தூரத்தில் இருக்க, தனியாகக் காலம் தள்ளும் வயதானவர்களைப் பார்த்துவிட்டுப் போகத்தான் இந்த நர்ஸ். முன்பெல்லாம் இரண்டு வீட்டுக்கும் வியாழக்கிழமை மட்டும்தான். இப்போது எதிர்வீட்டுக்காரிக்குத் தினமும்.

டீச்சருக்கு அதே வியாழன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பிரஷர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். போட்ட நாற்காலியில் உட்காரக்கூட மாட்டாள்.

நன்றாக இருப்பது ஒரு குற்றமா?

எதிர்வீட்டுக்காரியோடு பேச்சுவார்த்தை இல்லை. செருப்பு அலமாரி யார் வாசல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் மூண்ட சண்டை அது. அதன்பிறகு ஒரு மாதம் அவள் ஆளையே காணோம். மகள் வீட்டில் போய் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டிருப்பாள். திரும்பி வந்ததிலிருந்துதான் இந்த ராஜ உபசாரம்.

நர்ஸிடம் சாவியையே கொடுத்துவிட்டாள். எழுந்து வந்து கதவைத் திறக்கவும் மகாராணிக்கு முடியாதாம்.

போதாததற்குப் பாட்டு வேறு. நர்ஸ் "ஆ" என்று இழுப்பாள். இவளும் இழுப்பாள். பிறகு "ஈ". பிறகு "ஊ". நடுநடுவே நர்ஸ் கைதட்டுவாள். இந்த வயதில் சங்கீதம் கேட்கிறது கிழவிக்கு!

காலமெல்லாம் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கைதட்டியவர் டீச்சர். அவருக்கென்று தட்ட இப்போது ஒரு கை இல்லை.

இதற்கு மேல் பொறுப்பதாக இல்லை. டீச்சர் சமையலறைக்குப் போய், டம்ளர் தண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். டம்ளரைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு, மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையே மூச்சு வாங்கும்வரை நடந்தார்.

நர்ஸ் வந்தாள். காற்றடித்தாள். முகம் மாறியது. இன்னொரு முறை அடித்துப் பார்த்தாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தலை சுற்றுகிறதா, தூக்கம் வருகிறதா, பிள்ளை எப்போது போன் பண்ணினான் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் நீட்டி முழக்கிப் பதில் சொன்னார். நெஞ்சு படபடத்தாலும் மனசு குளுகுளுவென்று இருந்தது.

டாக்டரிடம் சொல்லி, இனி தினமும் வந்து பார்ப்பதாகச் சொன்னாள் நர்ஸ்.

வழியனுப்பும் சாக்கில் டீச்சர் கதவை அகலத் திறந்தார். எதிர்வீட்டுக்காரி காதில் இது விழ வேண்டும். விழுந்து, அவளும் கொஞ்சம் வேக வேண்டும்.

"நாளைக்குக் காலையிலயே வந்துடும்மா! தினமும் உனக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன்!" என்று மாடிப்படி அதிரச் சொன்னார்.

நர்ஸின் காலடிச் சத்தம் கீழே போய் அடங்கியது. எதிர்க்கதவு மெல்லத் திறந்தது.

எதிர்வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு கால்தான் நடந்தது. மற்றது பின்னால் இழுபட்டது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. டீச்சர் கதவிலிருந்து விலகி வழிவிட்டார்.

அவள் உள்ளே வந்தாள். மேசையிலிருந்த டம்ளரை எடுத்தாள். அடியில் கரையாமல் கிடந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

பிறகு, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையைப்போல், ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளிச் சொன்னாள்:

"நானும்... உப்புலதான்... ஆரம்பிச்சேன்."