யார் நம்பர் ஒன்?

அம்மாவுக்கு உள்ளே இதய ஆபரேஷன். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் டென்னிஸ் சண்டை.

"ஃபெடரர் ஆடினா கண்ணை எடுக்க முடியாது அண்ணே. அதுதான் ஆட்டம்!" என்றான் சின்னவன்.

"அழகை வெச்சு என்னடா பண்றது? ஜோகோவிச் வீட்டுல கோப்பையைத் துடைக்கவே தனியா ஒரு ஆள் வேணும். அவர்தான் நம்பர் ஒன்!" என்றான் பெரியவன்.

"அப்போ நடால்?"

"களிமண் தரையில புலி. மத்த இடத்துல பூனை."

"பூனையா! விம்பிள்டன்ல புல்தரையிலயே ஜெயிச்சவரு அண்ணே அவரு!"

பெரியவனின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர் பெஞ்சில் இருந்த பெண் வேறு இவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற தாய் கத்திக்குக் கீழே கிடக்கிறாள். பெரியவன் ஏ.சி. மெக்கானிக், சின்னவன் கணக்கு வாத்தியார். இரண்டு பேருமே ஒன்றும் பச்சைக் குழந்தைகள் இல்லை.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா..." என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு. இவனுக்கு இன்னைக்கு ஒரு முடிவு கட்டணும். நடால் அந்த வலது கையை இப்படி ஒரு சுத்து சுத்துவாரு பாரு..."

"இடது கைடா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியது அப்பா. காலையிலிருந்து வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தவர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டி.வி.யில் டென்னிஸ் ஓடினால் பசி, தூக்கம் எதுவும் தெரியாது அவருக்கு.

"இடது கையா? என்னப்பா சொல்றீங்க?" என்றான் பெரியவன்.

"ஆமாண்டா! அதுகூடத் தெரியாம இவ்வளவு பேச்சா? நீங்க சொல்ற மூணு பேருமே அப்புறம்தான். லேவர்னு ஒருத்தர் இருந்தாரு. ஒரே வருஷத்துல நாலு பெரிய கோப்பையும் எடுத்தாரு. அதுவும் ரெண்டு தடவை! மர மட்டையை வெச்சுக்கிட்டு!"

"அந்தக் காலத்துல போட்டி கம்மிப்பா."

"யாருடா சொன்னது கம்மின்னு?"

போச்சு, மாமனாரும் இறங்கிவிட்டார். சின்னவன் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்ட, அப்பா பேச்சு வேகத்தில் வாங்கிக் குடித்துக்கொண்டே லேவரை உச்சியில் ஏற்றி வைத்தார். அவர் குரல்தான் இப்போது எல்லோருடையதையும்விடப் பெரிதாகக் கேட்டது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "இது ஆஸ்பத்திரியா, விளையாட்டு மைதானமா?"

மருமகளுக்கு மானமே போனது. கணவனின் சட்டையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? அத்தை உள்ள உயிருக்குப் போராடுறாங்க. யாரு நம்பர் ஒன்னு இப்போ தெரிஞ்சே ஆகணுமா?"

பெரியவன் குரலைத் தாழ்த்தினான்.

"கத்தாதே. அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போனதுல இருந்து அப்பா பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. சர்க்கரை வியாதிக்காரர் வேற. இவரும் மயங்கி விழுந்தா நாங்க யாரைப் பாக்கறது? தம்பிதான் இந்த யோசனையைச் சொன்னான். எனக்கு டென்னிஸ் என்ன தெரியும்? மூணு பேரைப் பத்தியும் டீ வாங்கப் போகும்போதுதான் சொல்லிக் குடுத்தான்."

அவள் அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள். மாமனாரின் கையில் இரண்டாவது டம்ளர் டீ.

"போங்க, போய் இன்னும் கொஞ்சம் சண்டை போடுங்க" என்று கணவனைத் தள்ளிவிட்டாள்.

லேவருக்கும் ஜோகோவிச்சுக்கும் நடுவே ஒரு முடிவு வருவதற்குள் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. முகக்கவசத்தை இறக்கிவிட்டபடி டாக்டரம்மா வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது. வால்வு மாத்தியாச்சு. இனிமே பயமில்ல."

சின்னவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரியவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் முதுகு குலுங்கியது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்பு முகத்தைத் திருப்பிய எதிர் பெஞ்சுப் பெண்கூட எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மருந்து வாங்க அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்கள். அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, அவங்களைத் தப்பா நினைச்சுடாதீங்க. அத்தை மேல பாசம் இல்லாம இல்ல. உங்க கவலையை மறக்கடிக்கத்தான் ரெண்டு பேரும் சும்மா சண்டை போட்டாங்க."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"பெரியவன் என்னைக்கும்மா டென்னிஸ் பாத்திருக்கான்? நடாலுக்கு வலது கைன்னானே, அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் மாமா நீங்களும் அப்படிக் கத்தினீங்க?"

அப்பா படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவனுங்க முகத்தை நீ சரியாப் பாக்கலம்மா. நான் பதில் சொல்லாம இருந்திருந்தா, ரெண்டு பேரும் அழுதிருப்பானுங்க."