நூற்றுப் பன்னிரண்டு மணித்தியாலம்

"சரியா நூற்றுப் பன்னிரண்டு மணித்தியாலம்," என்றார் விக்னராஜா, காரிலிருந்து நீளமான கறுப்புத் துவக்குப் பெட்டியை இறக்கியபடி. "ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். எல்லாம் உனக்காகத்தான்."

வினுஷா தலையாட்டினாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, வெஸ்ட்மீட்டில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. அப்பாவிடம் எந்த வசனத்தையும் அவள் முடித்ததில்லை. அவர்தான் முடித்து வைப்பார்.

இன்று குறிபார்த்துச் சுடும் மாநில அணிக்கான தெரிவு. நிலத்தில் படுத்தபடி ஐம்பது மீற்றரில் அறுபது ரவைகள் சுட வேண்டும். 615 புள்ளி எடுத்தால் அணியில் இடம். போன வருடம் கிளப் துவக்கால் சுட்டு இரண்டு புள்ளியில் தவறவிட்டாள். இந்த வருடம் முழுவதும் சனிக்கிழமைகளில் பழகியதும் அதே துவக்கால்தான். அப்பாவின் துவக்கு அவருடைய மேசையில் பாகம் பாகமாகக் கிடந்தது.

"செமி ஒட்டோமற்றிக் எண்டால் இன்னும் வடிவாச் செய்து காட்டியிருப்பன். இந்த நாட்டில விடமாட்டாங்கள்," என்பார் விக்னராஜா. ஆகவே ஒவ்வொரு ரவைக்கும் கையால் போல்ட்டை இழுக்கும் துவக்கொன்றை வாங்கினார். குழல் எங்கும் முட்டாதபடி மரப்பிடியைச் செதுக்கினார். விசையின் பாரத்தைக் கிராம் கணக்கில் குறைத்தார்.

நூற்றுப் பன்னிரண்டாவது மணித்தியாலம் நேற்று மாலை. போல்ட்டைக் கழற்றி எண்ணெய் பூசினார். வழக்கம்போல அதை வேறொரு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். போல்ட் இல்லாத துவக்கு வெறும் குழாய், கள்ளன் தூக்கிக்கொண்டு போனாலும் சுட ஏலாது என்பது அவர் எல்லோருக்கும் சொல்லும் பாடம். காலையில் பெட்டியை அடுக்கியதும் அவர்தான். வேறு ஆட்கள் தொட்டால் செற்றிங் பிழைத்துப் போகுமாம்.

கிளப் கதவடியில் வாசுதேவன் நின்றார். கோயம்புத்தூர்க்காரர். கிளப் துவக்குகளைப் பராமரிப்பது அவர் பொறுப்பு.

"வாங்க சார். ரெடியாம்மா?"

"உம்மட அந்த விறகுக் கட்டையை இன்னும் எறியேல்லையோ?" என்றார் விக்னராஜா.

"அது நல்லாத்தான் சார் சுடுது."

"பத்தொன்பது வருஷப் பழசு. அதைக் குடுத்துத்தான் போன வருஷம் என்ர பிள்ளையை நாசமாக்கினனீர்."

வாசுதேவன் கதவைத் திறந்துவிட்டார். போட்டியாளர்கள் மட்டுமே உள்ளே போகலாம். மற்றவர்களுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கதிரைகள் போட்டிருந்தார்கள்.

வினுஷா பெட்டியோடு உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, அந்த..."

"பயப்பிடாத. துவக்குத் தானாச் சுடும். நீ போய்ப் படு."

"இல்லை அப்பா, அதில..."

"போ பிள்ளை. கதைச்சுக் கதைச்சு நாடியைக் கூட்டாத."

கதவு மூடியது. வாசுதேவன் அவளிடம் போய் ஏதோ கேட்டார். பிறகு இருவரும் வேகமாக உள்ளறைப் பக்கம் நடந்தார்கள்.

"பாத்தீங்களோ," என்றார் விக்னராஜா பக்கத்துக் கதிரையில் இருந்த யாமினியிடம். அவளுடைய மகனும் இன்று சுடுகிறான். "கடைசி நிமிஷத்திலயும் உபதேசம். துவக்குத் துடைக்கிற மனிசன், அவருக்கு என்ன விளங்கும்?"

சுடத் தொடங்கினார்கள். கண்ணாடிக்கு இப்பாலிருந்து தெரிந்தவை பன்னிரண்டு சோடிச் சப்பாத்து அடிகளும், அவற்றுக்கு மேலே புள்ளிகள் ஓடும் திரையும்தான். வினுஷாவின் பெயருக்கு எதிரே 10.4 வந்தது. பிறகு 10.6.

"அது குழல்," என்றார் விக்னராஜா. அடுத்ததும் 10.6. "இது விசை."

"பிள்ளை நல்லாச் சுடுறா அண்ணை."

"பிள்ளை என்ன செய்யிறா, விரலை அசைக்கிறா. மிச்சமெல்லாம் துவக்கு."

நாற்பதாவது ரவைக்கு 9.1 விழுந்தது.

"இது அவள்," என்றார்.

அறுபதும் முடிந்தபோது திரையில் 617.8 நின்றது. யாமினி கைதட்டினாள். விக்னராஜா எழுந்து, தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

வினுஷா கறுப்புப் பெட்டியோடு வெளியே வந்தாள். பின்னால் வாசுதேவன், கையில் பழைய கிளப் துவக்கும் ஒரு துணியும்.

"அதை ஏன் காணும் காவிக்கொண்டு திரியிறீர்?"

"துடைச்சு உள்ள வைக்கத்தான் சார்."

"வையும். இனி அதுக்கு வேலையில்லை. முதல்ல வந்து என்ரயைப் பாரும்." மகளின் கையிலிருந்து பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார். நாலைந்து பேர் கூடினார்கள். "போல்ட்டை ஒருக்கா இழுத்துப் பாரும். வெண்ணெய் மாதிரி வரும்."

வாசுதேவன் வினுஷாவைப் பார்த்தார். "பரவாயில்ல சார். இன்னொரு நாள் பார்க்கலாம்."

"ஏன், எரியுதோ?"

"அப்பா, வீட்ட போய்..." என்றாள் வினுஷா.

"நீ சும்மா இரு. இண்டைக்கு வெண்டது ஆரெண்டு இந்த மனிசன் கண்ணால பாக்கட்டும்."

முதல் பூட்டைத் திறந்தார். இரண்டாவதையும் திறந்தார். வினுஷா மூடியின்மேல் கையை வைத்து அழுத்தினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்த முறை அவள் விடவில்லை.

"போல்ட் வீட்டு அலுமாரியில கிடக்கு அப்பா."