முதலிடம் பிடித்த செயலி

வருடக் கடைசி மலரில், ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்பு என்று அதைத்தான் போட்டிருந்தார்கள். நம் குரலிலேயே சொந்தபந்தங்களோடு பேசிவிடுமாம். யாரிடம் என்ன பேசியது என்று நமக்கு ஒரு வரியில் சொல்லியும் விடுமாம். நமக்கு நேரம் மிச்சமாம். மிச்சமான நேரத்தில் என்னத்தைக் கிழிக்கிறார்களோ!

என் வீட்டுக்காரர் ஐப்பசியில் தவறினார். டொரன்டோவிலிருந்து என் தம்பி கதிரவேல் பேசினான். “வர முடியலையேக்கா, அத்தான் எனக்கு அப்பா மாதிரி” என்று விக்கி விக்கி அழுதான். பதினாறாம் நாள் காரியத்தன்றும் அழைத்து அழுதான். நான்தான் அவனைத் தேற்றினேன்.

பொங்கலன்று வீடியோவில் வந்தான். வாயெல்லாம் பல்.

“சீர் வந்துச்சாக்கா? அத்தானுக்குப் பட்டு வேட்டி எடுத்திருக்கேன். கட்டிக்கிட்டு வரச் சொல்லு, பார்ப்போம்.”

செயலி அனுப்பிய அந்த ஒரு வரியைக்கூட டொரன்டோ துரை படிக்கவில்லை.

மாலை போட்ட அவர் படத்துக்கு நேராகப் போனைத் திருப்பிப் பிடித்தேன். அவனிடமிருந்து சத்தமே இல்லை.

அந்தச் செயலியாக இருந்தால் இந்நேரம் அழுதிருக்கும்.