கொடுக்காத ரத்தம்

தொழிற்சாலை கேன்டீனில் ரத்ததான முகாம். வருடா வருடம் நழுவிவிடும் வெல்டர், இந்த முறை முதல் ஆளாய் வந்து படுத்தார்.

அடுத்து வந்து பக்கத்துக் கட்டிலில் படுத்த ஃபிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வருஷம் என் தம்பி இழுத்துக்கிட்டுக் கிடந்தான். அவனோட அபூர்வ ரத்த குரூப் நமக்குத் தெரிஞ்சு உனக்கு மட்டும்தான். கால்ல விழுந்தேன். கல்லு மாதிரி நின்னே. இப்ப எங்கேருந்துடா வந்துச்சு இரக்கம்?"

வெல்டர் சட்டைக்கையை மடித்தார்.

"என் மகளுக்கும் அதே குரூப்தாண்ணே. எந்த நேரமும் ஆபரேஷன் வரலாம், உங்க ரத்தத்தை அவளுக்குன்னு வெச்சிருங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தார்."

"அப்ப இன்னிக்கு மட்டும் எப்படிக் குடுக்கறே? அவளுக்கு வேணாமா?"

ஊசி இறங்கியது.

"ஆபரேஷன் வரைக்கும் தாங்கலண்ணே. போன மாசம் ஒரு சொட்டுகூட வாங்கிக்காம போயிட்டா."